“ஸ்கூல்ல இருந்து புகார் போயிடுச்சு, என் பிள்ளைகளை எடுத்துட்டுப் போயிடுவாங்களா?”

திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீளமாக எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, பெரும்பாலான நாட்களில் ஒன்றரை ஷிப்ட். கணவர் பவர்டேபிள் டெய்லர். மகன் நான்காம் வகுப்பு, மகள் அங்கன்வாடிக்குப் போகிறாள். கணவர் வேலையில் கெட்டிக்காரர், ஆனால் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால் நேராக டாஸ்மாக். சில வாரங்களுக்கு முன்பு அப்படி ஒரு சனிக்கிழமை ராத்திரி, மகன் கை தவறி அப்பாவின் செல்போனைக் கீழே போட்டுவிட்டான், டிஸ்ப்ளே போய்விட்டது. பெல்ட்டைக் கழற்றி அடித்திருக்கிறார். திங்கட்கிழமை பள்ளியில் டிரவுசருக்குக் கீழே கெண்டைக்காலில் இருந்த தடிப்புகளை டீச்சர் பார்த்துவிட்டார். விஷயம் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போய், மறுநாள் சாயங்காலம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் களப்பணியாளர், இன்னொருவர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளர்.

பதறிப்போய் இவர், “சைக்கிள்ல இருந்து விழுந்துட்டான்” என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் மகனைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார்கள், ஒரு தாளில் மூன்று வீடு வரையச் சொன்னார்கள். அடுத்த வாரம் குழந்தைகள் நலக் குழு முன்னால் வரும்படி கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. மாமியார், “பையனைத் திண்டுக்கல்லுக்கு உங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடு, கேட்டா ஊர்ல இல்லைன்னு சொல்லிக்கலாம்” என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, “எழுதிக் குடுத்துட்டு ஹோம்ல சேர்த்துடு, படிப்பும் சாப்பாடும் ஃப்ரீ” என்கிறார். கணவர், “எம் பையனை நான் அடிச்சா எவன் கேக்கறது” என்று அந்த டீச்சர் மேல் கோபத்தில் இருக்கிறார். இவர் கேட்பது: “ஒரு தடவை அடிச்சதுக்கு இவ்வளவு பெரிய கேஸா மேடம்? பிள்ளைகளை எடுத்துட்டுப் போயிடுவாங்களா? அவரை ஜெயில்ல போட்டுடுவாங்களா? நான் என்ன பண்ணட்டும்?”

சகோதரி, முதலில் அந்தப் பெரிய பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் எழுதியிருக்கும் நிலைமையில், பிள்ளைகள் உங்களோடு இருப்பதற்கே அதிக வாய்ப்பு. ஆனால் அது தானாக நடக்காது. அடுத்த சனிக்கிழமை ராத்திரி உங்கள் வீட்டில் என்ன நடக்கும், யார் இருப்பார்கள், பிள்ளைகள் எங்கே தூங்குவார்கள் என்ற கேள்விக்கு அந்தக் குழு நம்பும்படியான பதில் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். வந்து போன அந்த இரண்டு பேரும் தேடுவது அந்தப் பதிலைத்தான். நீங்களும் அவர்களும் சேர்ந்து அதைத் தயார் செய்ய முடியும் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

“ஒரு தடவை” என்று எழுதியிருக்கிறீர்கள்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பக்கத்தில் ஒரு தடவை என்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில், போன வருஷம் காதோடு சேர்த்து அறைந்ததில் பையனுக்கு இரண்டு நாள் காது வலித்தது என்று போகிறபோக்கில் வருகிறது. இன்னொரு இடத்தில், “என்னை அடிக்கிறது பழகிப்போச்சு, அதை விடுங்க” என்கிறீர்கள். நான் அதை விடப்போவதில்லை. அம்மா அடிபடுவதைப் பார்த்தும் கேட்டும் வளர்கிற பிள்ளை, தன் மேல் ஒரு அடி விழாவிட்டாலும் பாதுகாப்பாக இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் மகளுக்கு ஐந்து வயது, அவள் மேல் இதுவரை கை வைத்ததில்லை என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ராத்திரி அவள் எங்கே இருந்தாள்? அதே ஒற்றை அறையில்தானே.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. பயத்தில் இருக்கும்போது நாம் எல்லோருமே நடந்ததைச் சின்னதாக்கித்தான் சொல்வோம். ஆனால் சமூகப் பணியாளர் முன்னால் அப்படிச் சின்னதாக்கினால், அவருக்கு அது “இந்த அம்மா அப்பாவைத்தான் காப்பாற்றப் பார்க்கிறார்” என்றுதான் கேட்கும். அந்தச் சைக்கிள் கதையில் இருக்கிற ஆபத்து இதுதான். பெல்ட் தடிப்பு எப்படி இருக்கும், சைக்கிளில் விழுந்த சிராய்ப்பு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், உங்கள் பையனும் அவர்களிடம் உண்மையைத்தான் சொல்லியிருப்பான். குழுவின் அமர்வு வரைக்கும் காத்திருக்காமல் அந்தச் சமூகப் பணியாளருக்கு நீங்களே போன் செய்து, “அன்னைக்குப் பயத்துல மாத்திச் சொல்லிட்டேன், நடந்தது இதுதான்” என்று சொல்லிவிடுங்கள். தினமும் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. நீங்களாகச் சொன்னீர்கள் என்பது அவர்களுடைய அறிக்கையில் உங்களுக்குச் சாதகமாக வரும்.

அப்புறம், பையனிடம் “ஏன்டா சொன்னே” என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றைக்கே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, “நீ சொன்னது சரிதான், உன் மேல தப்பே இல்ல” என்று சொல்லுங்கள். யார் புகார் செய்தது என்று துருவவும் வேண்டாம், அந்த டீச்சரிடம் சண்டைக்குப் போகவும் வேண்டாம். வீட்டுக்கு வெளியே உங்கள் பையன் நம்பிப் பேசுகிற ஒரு பெரியவர் இருக்கிறார். அந்த ஒருவரை அவனிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போவார்களா?

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் அடிப்படைக் கொள்கைகளிலேயே இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: பிள்ளையை வளர்க்கிற முதல் பொறுப்பு குடும்பத்துடையது, இல்லத்தில் சேர்ப்பது எல்லா வழியும் பார்த்த பிறகு எடுக்கிற கடைசி முடிவு. இதே சட்டம், கூட இருக்கிறவரே காயப்படுத்துகிறார் என்றால் அந்தப் பிள்ளையைப் “பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை” என்றும் சொல்கிறது. உங்கள் மகன் இப்போது இந்த வரையறைக்குள் வந்துவிட்டான், அதனால்தான் அழைத்திருக்கிறார்கள். வீட்டைக் கலைப்பதற்கு என்று நினைக்க வேண்டாம்.

குழந்தைகள் நலக் குழு என்பது ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது, அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் அவர்களுக்கு உண்டு, ஆனால் அது கிரிமினல் கோர்ட் இல்லை, கூண்டில் ஏற்ற மாட்டார்கள். சமூகப் பணியாளர் 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டும், குழு 4 மாதத்துக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும். இறுதி உத்தரவின்போது குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அவர்கள் போடக்கூடிய உத்தரவுகளில் ஒன்று, பிள்ளையைப் பெற்றோரிடமே விட்டு, சமூகப் பணியாளரின் மேற்பார்வை வைப்பது. இன்னொன்று, பாட்டி, சித்தி மாதிரி ஒருவரை “தகுந்த நபர்” என்று ஏற்று அவரிடம் கொஞ்ச காலம் விடுவது. இல்லம் என்பது இதற்கெல்லாம் பின்னால் வருகிறது.

உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த ஏற்பாட்டில் நீங்களும் அவர்களும் சம பலத்தில் இல்லை. அவர்களிடம் சட்டம் கொடுத்த அதிகாரம் இருக்கிறது. திட்டம் போட்டுக் கையெழுத்தான பிறகும் பையன் இன்னொரு முறை அடிபட்டு, நீங்கள் அதை மறைத்தீர்கள் என்று தெரிந்தால், குழு அவனை வேறு இடத்துக்கு மாற்றலாம். அதைச் செய்யாவிட்டால்தான் அவர்கள் தவறு செய்தவர்கள் ஆவார்கள்.

ஊருக்கு அனுப்புவது பற்றி

மாமியாரின் யோசனையில் பாதி நல்லது. திண்டுக்கல்லில் உங்கள் அம்மா இருக்கிறார், பையனுக்கு அவர் மேல் உயிர் என்கிறீர்கள். கொஞ்ச நாள் அங்கே இருப்பது அவனுக்கு நல்லதாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒளித்து வைப்பது வேறு, தெரிவித்து அனுப்புவது வேறு. கடிதம் வந்த பிறகு பையன் ஊரில் இல்லை என்றால், போலீஸை விட்டுத் தேடச் சொல்கிற நிலைமையை நீங்களே உண்டாக்குகிறீர்கள், அதோடு உங்கள் மேல் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும். அதையே அமர்வில் நீங்களாக எடுத்துச் சொன்னால், “எங்கம்மா தயாரா இருக்காங்க, இதோ அவங்க நம்பர், அங்க பக்கத்துலயே ஸ்கூல் இருக்கு” என்று சொன்னால், குழு திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிற தன் ஆட்களை வைத்து விசாரித்து, முறையாக உத்தரவே போட முடியும். ஆனால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். அடித்தவர் வீட்டில் இருக்க, அடிபட்ட பையன் பள்ளிக்கூடத்தையும் தங்கையையும் உங்களையும் விட்டுப் போக வேண்டியிருக்கிறது. அவனுக்கு இது தண்டனை மாதிரிதான் தெரியும். அதனால் இதை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் கையெழுத்து போடலாம், எதில் கூடாது

பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். இருந்தாலும் “எழுதிக் கொடுப்பது” என்ற வார்த்தையில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன, அதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் எந்தத் தாளிலும் கை வைக்காதீர்கள்.

ஒன்று, உறுதிமொழிக் கடிதம்: “பிள்ளையை அடிக்க விட மாட்டேன், பள்ளிக்கு ஒழுங்காக அனுப்புவேன், சமூகப் பணியாளர் வரும்போது ஒத்துழைப்பேன்” என்று எழுதிக் கொடுப்பது. படித்துப் பார்த்து, உங்களால் செய்ய முடிந்ததுதான் அதில் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள். முடியாததை ஒத்துக்கொள்ளாதீர்கள். “கணவர் இனிமேல் குடிக்க மாட்டார்” என்று நீங்கள் எப்படி உறுதி கொடுப்பீர்கள்? அது உங்கள் கையில் இல்லை. “அவர் குடித்துவிட்டு வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன்” என்பதற்கு உறுதி கொடுக்கலாம்.

இன்னொன்று, பிள்ளையையே அரசிடம் ஒப்புக்கொடுக்கிற பத்திரம். இது முற்றிலும் வேறு. மனம் மாறிப் பிள்ளையைத் திரும்பக் கேட்க 60 நாள் அவகாசம் உண்டு, அதற்குப் பிறகு பிள்ளையைச் சட்டப்படி தத்துக் கொடுத்துவிடலாம். உங்கள் நிலைமைக்கு இது தேவையே இல்லை. யாராவது அவசரப்படுத்தினால், “வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்று எழுந்துவிடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம், 15100-க்குக் கூப்பிடவும் செய்யலாம்.

“ஹோம்ல போட்டா படிப்பு ஃப்ரீ” என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகள் எல்லோருமே அனாதைகள் இல்லை. அப்பாவோ அம்மாவோ இருந்தும், கஷ்டத்தால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் ஏராளம். மாமல்லபுரம் பக்கம் ஒரு இல்லத்தில் பிள்ளைகள் சீரழிக்கப்பட்டதாக 2007-இல் வந்த செய்தியிலிருந்து தொடங்கிய வழக்கில்தான், 2017-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் உள்ள இல்லங்களைக் கணக்கெடுத்துப் பதிவு செய்யச் சொல்லி, எடுத்தவுடன் இல்லத்தில் போடுகிற வழக்கத்தையும் கண்டித்தது. நன்றாக நடக்கிற இல்லங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அம்மா இருந்து, அந்த அம்மா வைத்துக்கொள்ளத் தயாராகவும் இருக்கும்போது ஒன்பது வயதுப் பையனுக்கு இடம் அது இல்லை.

அந்த மூன்று வீடுகள்

படம் வரையச் சொன்னதை நினைத்து மிகவும் பயந்திருக்கிறீர்கள், “அதை வெச்சு கேஸ் போடுவாங்களா” என்று கேட்டிருக்கிறீர்கள். அது நியூசிலாந்தில் இருந்து வந்த முறை. ஒரு வீட்டில் கவலைகள், ஒரு வீட்டில் நல்லவை, ஒரு வீட்டில் கனவுகள். கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொள்கிற பிள்ளைகூட வரையக் கொடுத்தால் மெல்லப் பேச ஆரம்பிக்கும். 1990-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் சமூகப் பணியாளர்கள் பெரியவர்களிடமும் இதே மாதிரி மூன்று கேள்விகளை வைத்து வேலை செய்யத் தொடங்கினார்கள்: எதை நினைத்துக் கவலைப்படுகிறோம், ஏற்கெனவே எது நன்றாக நடக்கிறது, இனி என்ன நடக்க வேண்டும். குற்றம் கண்டுபிடிப்பதோடு நின்றுவிட்டால் பிள்ளை பாதுகாப்பாகிவிடாது, குடும்பத்தில் இருக்கிற பலத்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

நீங்கள் எட்டிப் பார்த்ததாக எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன். கவலை வீட்டில் உங்கள் பையன் உள்தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவை வரைந்து, பக்கத்தில் “சனி” என்று எழுதியிருக்கிறான். நல்ல வீட்டில் நீங்கள், தங்கை, திண்டுக்கல் பாட்டி. கனவு வீட்டில் அப்பா டிவிஎஸ் ஃபிப்டியில் முன்னால் நிற்கவைத்து அவனைக் கூட்டிப் போகிறார். இதைவிடத் தெளிவாக எந்த அதிகாரியும் எழுதிவிட முடியாது. எந்த நாள், எந்தக் கதவு, யாரிடம் போனால் தைரியம், அப்பாவிடம் என்ன எதிர்பார்க்கிறான் என்று அவனே சொல்லிவிட்டான்.

வீட்டுக்கான பாதுகாப்புத் திட்டம்

“இனி ஒழுங்கா இருப்போம்” என்பது திட்டம் ஆகாது. யார், எப்போது, எங்கே என்று பெயரோடு எழுதினால்தான் திட்டம். உங்கள் கடிதத்திலிருந்தே எடுக்கிறேன். ஆபத்தான நேரம், நீங்கள் ஒன்றரை ஷிப்டில் இருக்கிற மாலை, குறிப்பாகச் சனிக்கிழமை. அடுத்த தெருவில் கொழுந்தனார் குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள் அங்கே விளையாடப் போவார்கள் என்கிறீர்கள். அப்படியானால் சனிக்கிழமை பள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாலையிலிருந்து பிள்ளைகள் சித்தப்பா வீட்டில், ராத்திரித் தூக்கமும் அங்கேயே, ஞாயிறு காலையில் நீங்கள் போய்க் கூட்டி வருவது. சனிக்கிழமை ஒரு நாளாவது ஒரே ஷிப்டோடு விடச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள். மற்ற நாட்களில் மாமியார் உங்கள் வீட்டுக்கு வந்து இருப்பது, அவரால் மகனைத் தடுக்க முடியாது என்றால் தடுக்கப் போகாமல் பிள்ளைகளை உடனே வெளியே கூட்டிப் போவது. அந்த உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவது. பையனுக்கு உங்கள் நம்பர், சித்தப்பா நம்பர், 1098 மூன்றும் மனப்பாடமாகத் தெரிந்திருப்பது. வாரத்தில் ஒரு நாள் டீச்சரும் அங்கன்வாடி அக்காவும் பிள்ளைகளிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசுவது.

இதில் வருகிறவர்கள் எல்லோருக்கும் நடந்தது என்ன என்று தெரிய வேண்டும். கொழுந்தனாரிடம் “சும்மா பார்த்துக்கோங்க” என்று மட்டும் சொன்னால் அண்ணன் வந்து கேட்டவுடன் பிள்ளைகளை அனுப்பிவிடுவார். மானம் போகும் என்று தயங்குகிறீர்கள், புரிகிறது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், இந்த நான்கைந்து பேருக்குத் தெரிந்தால் போதும். வெளியே போகாது என்பதற்குச் சட்டமே காவல்: விசாரணையில் இருக்கிற பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி எதையும் ஊடகத்தில் வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

சமூகப் பணியாளரிடம் இந்தத் திட்டத்தை நீங்கள் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அவர் திருத்துவார், கேள்வி கேட்பார், “சித்தப்பா ஊருக்குப் போயிருந்தா?” என்பார். கேட்கட்டும், அது அவர் வேலை. அவர்களில் நிறையப் பேர் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட குடும்பங்களைப் பார்க்கிறவர்கள், சில நாள் சிடுசிடுப்பாகக்கூடப் பேசலாம். பேர், பதவி, அடையாள அட்டை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மரியாதைக் குறைவாக நடந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடமும், குழுவின் நடவடிக்கையிலேயே குறை இருந்தால் கலெக்டரிடமும் மனு கொடுக்கலாம்.

உங்கள் கணவர்

இந்த வேலையில் எனக்கு அடிக்கடி வருத்தம் தருகிற விஷயம் ஒன்று உண்டு. அடித்தது அப்பாவாக இருக்கும், ஆனால் கேள்வி, கூட்டம், கையெழுத்து எல்லாம் அம்மா தலையில் வந்து விழும். நீங்கள் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். “அவரிடமும் நீங்களே பேசுங்கள், குடிக்காமல் இருக்கிற நாளில், வேலைக்குப் போவதற்கு முன்னால் காலையில் வந்தால் பேசுவார்” என்று சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: உங்களை அவரோடு சேர்த்து உட்காரவைத்து விசாரிக்காமல் தனியாகப் பேச வேண்டும் என்று. அவர் எதிரில் நீங்கள் சொல்கிற உண்மைக்கு ராத்திரி வீட்டில் விலை கொடுக்க வேண்டிவரும் என்பதை வெளிப்படையாகவே சொல்லுங்கள்.

ஜெயிலில் போடுவார்களா என்றால், நலக் குழு யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாது. ஆனால் பொறுப்பில் இருக்கிறவரே பிள்ளையைக் கொடுமை செய்வது 3 வருடம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம் வரக்கூடிய குற்றம். போலீஸ் வழக்கு என்பது தனிப் பாதை, காயத்தின் தன்மையைப் பொறுத்து அது வரலாம், வராமலும் போகலாம். வராது என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அவர் “எம் பையன்” என்று சொல்வதில் பாசமும் இருக்கலாம், ஆனால் பெல்ட்டால் அடிக்கிற உரிமை எந்தச் சட்டத்திலும் இல்லை.

குடிக்கு வைத்தியம் இருக்கிறது. தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகலாம், போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவசம். ஒன்று மட்டும் கவனம். தினமும் குடிக்கிறவராக மாறியிருந்தால், கோபத்திலோ வைராக்கியத்திலோ ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரைக்கும் போகலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலக்கச் சொல்லி யாராவது பொட்டலம் கொடுத்தால் வாங்காதீர்கள், உயிருக்கே ஆபத்தாக முடியும்.

அவர் எதற்கும் வரவில்லை, அடியும் நிற்கவில்லை என்றால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அதே வீட்டில் குடியிருக்கிற உரிமையையும், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பையும் சேர்த்தே கேட்கலாம். வெளியேற வேண்டியது எப்போதும் நீங்கள்தான் என்று நினைக்காதீர்கள், அவரை வீட்டிலிருந்து வெளியே இருக்கச் சொல்லவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிட்டால் வழிகாட்டுவார்கள். நடுராத்திரியில் நிலைமை கைமீறினால் அவசர எண் 112.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆனால் குடும்ப வருமானம் வருஷத்துக்குக் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவனைப் பிரிந்த, கைவிடப்பட்ட, விதவையான தாய்மார்கள், நோயில் விழுந்த பெற்றோர் மாதிரியானவர்களுக்குத்தான் முன்னுரிமை. இரண்டு பேர் சம்பளம் வருகிற இன்றைய நிலையில் உங்களுக்குக் கிடைப்பது கஷ்டம். நிலைமை மாறினால் அப்போது கேளுங்கள்.

அமர்வுக்குப் போகும்போது

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி அடையாள அட்டை, காதுவலிக்குப் பார்த்த மருந்துச் சீட்டு இருந்தால் அதுவும், எழுதி வைத்த திட்டம், அதில் வருகிறவர்களின் போன் நம்பர்கள். முடிந்தால் கொழுந்தனாரையோ உங்கள் அம்மாவையோ நேரிலேயே கூட்டிப் போங்கள், நம்பர் கொடுப்பதைவிட ஆள் வந்து நிற்பது பலம். பையனுக்கு “இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லாதே” என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவன் மனதில் இருப்பதைச் சொல்ல அவனுக்கும் உரிமை உண்டு, சொல்லிக்கொடுத்தது என்றால் குழுவுக்குத் தெரிந்துவிடும். உங்கள் முறை வர நேரமாகலாம், அதனால் அரை நாள் லீவு போதாது, முழு நாள் போடுங்கள். கம்பெனியில் காட்ட, வந்து போனதற்கு ஒரு சீட்டு கேட்டு வாங்குங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள்.

உத்தரவு போட்டால் அதன் நகலைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். அதில் ஒத்துக்கொள்ள முடியாதது இருந்தால், 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கணக்கு உத்தரவு தேதியிலிருந்தே ஓட ஆரம்பிக்கும், அதனால் 15100-க்கு இப்போதே கூப்பிட்டு வக்கீலுக்குப் பதிவு செய்து வையுங்கள்.